சோத்துக்கை வாளி

1

"கிளாக்கர் அவர்களுக்கு. இம்மாதம் உப்புப் பெறவேண்டிய தாங்கள் வெங்காயம் பெற்றதற்கும், பெற்ற வெங்காயத்தை இதுவரை திருப்பாததற்கும், இருதயம் பார்க்கும் அறைக்கு இவ்விரண்டில் எதுவாயினும் எதற்கு வேண்டும் என்பதற்கும் மூன்று நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தரவும்."

1931 பெப்ரவரி 9, திங்கட்கிழமை என்று தேதியிட்ட இந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கண்டியில் நான் கிளாக்கராக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கும் ஆசுபத்திரியின் களஞ்சியக்காரர் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழாக்கம் என்னுடையது. பழைய காகிதங்களோடு கட்டி வைத்திருந்ததைப் போன சனிக்கிழமை மீண்டும் எடுக்க வேண்டி வந்தது. காரணம் என் மகள் சிவகாமி. அவளுக்கு எட்டு வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி மரகதம் அவளுக்குச் சோறு வைத்து, "சோத்துக்கைய நல்லாக் கழுவிட்டு உக்காரு" என்றாள். பிள்ளை இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, சோத்துக்கைன்னா எது?"

"எதால சாப்பிடுறியோ அது."

"அப்போ இது" என்று இடது கையை நீட்டினாள். "சிஸ்டர் முள்ளுக்கரண்டிய இந்தக் கையிலதான் பிடிக்கணும்னு சொன்னாங்க. வலது கையில கத்தி. சோறு இந்தக் கையாலதானே வாய்க்குப் போகுது?"

மரகதம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, இவ என்ன சொல்லுதான்னு கேட்டீங்களா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு நாந்தான் சொன்னேன், ஒத்துக்கிடுதேன். பீச்சாங்கையால திங்கச் சொல்லிக் குடுப்பாங்கன்னு நான் கண்டனா?"

எழுந்து போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். நான் நினைத்தது சரிதான். திங்கட்கிழமை வந்தால் மார்ச் 18. நான்கு வருடங்களுக்கு முன் அதே தேதியில், ஹுன்னஸ்கிரியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்து வாசலில் நின்றுகொண்டு, சிவகாமி கேட்ட இதே கேள்வியை ஒரு வளர்ந்த மனிதரின் வாயிலிருந்து நான் கேட்டிருந்தேன்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து நான் கண்டிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இங்குள்ள வாழ்வைப் பற்றி எழுதும்படி ஊர்க்காரர்களாகிய நீங்கள் அவ்வப்போது கேட்கிறீர்கள். குளிர், அட்டை, தேயிலை பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு வாளியைப் பற்றி.

2

முதலில் வெங்காயம்.

டாக்டர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்தார். லண்டனில் மேற்படிப்பு முடித்து வந்தவர். வரும்போது மரப்பெட்டிகளில் ஒரு இயந்திரத்தையும் கொண்டு வந்தார். அங்கே புதியது வந்தவுடன் கழித்துவிட்ட பழையது. இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மிகச் சிறிய மின்சாரம் எழுகிறது. அந்த மின்சாரத்தைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய, வெள்ளி பூசிய பளிங்கு இழை ஒன்று தொங்கும். மின்சாரம் ஓடும்போது இழை அசையும். அசைவின் நிழல் நகர்கின்ற கண்ணாடித் தகட்டில் படமாக விழும். மேடும் பள்ளமுமாக வருகிற அந்தக் கோட்டைப் பார்த்து, துடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே தாளம் தப்புகிறது என்று டாக்டர் சொல்வார். தாளம் தப்பும் இருதயங்களைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மின்சாரத்தை உடம்பிலிருந்து இழைக்குக் கொண்டுவர மூன்று வாளி உப்புத்தண்ணீர் வேண்டும். நோயாளி கதிரையில் உட்கார்ந்து, ஒரு வாளியில் வலது கை, ஒன்றில் இடது கை, ஒன்றில் ஒரு கால் வைக்க வேண்டும். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு கம்பி இயந்திரத்துக்குப் போகும். ஆசுபத்திரி முழுக்க அதற்கு 'வாளி மெசின்' என்றே பெயர்.

என் வேலை தகடுகளுக்குத் தேதியும் பெயரும் எழுதுவது, பதிவேடு வைப்பது, உப்பு வாங்குவது. உப்பு வாங்கப் போன இடத்தில்தான் என் சிங்களம் என்னைக் கைவிட்டது. களஞ்சியத்து ஆளுக்குத் தமிழ் தெரியாது. உப்புக்குச் சிங்களத்தில் 'லுணு'. நான் உரக்கச் சொன்னால் தெளிவாக இருக்கும் என்று இழுத்து 'லூணு' என்றேன். இழுத்தால் அது வெங்காயம். மறுநாள் காலை அறை வாசலில் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம் இருந்தது.

டாக்டர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "என்ன கிளாக்கர், குழம்பு வைக்கப் போறீரோ?"

"இல்லை ஐயா. ஒரு எழுத்து நீண்டுவிட்டது."

"ஒரு எழுத்துக்கு ஒரு மூட்டையோ! உம்மட பதிவேட்டில எனக்கு ஒரு பிழையும் ஆப்பிடயில்லை. வாயைத் திறந்தால்தான் பிழை."

அவர் விளையாட்டாகச் சொன்னது அடுத்த மாதமே மெய்யாயிற்று.

3

டாக்டரின் தமிழும் தோட்டத்து நோயாளிகளின் தமிழும் அடிக்கடி வழி தெரியாமல் நின்றன. "நாடியைக் காட்டு பாப்பம்" என்று அவர் மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டுவார். நோயாளி முகவாயைத் தூக்கிக் காட்டுவார். எங்கள் பக்கத்தில் நாடி என்றால் முகவாய்தானே! டாக்டர் நீட்டிய கையோடும், நோயாளி நீட்டிய முகவாயோடும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் குறுக்கிட்டு, "கையைக் குடுங்க" என்பேன். இப்படித் தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. பெருமை மட்டும் நிறைய இருந்தது.

அந்தப் பெருமையில்தான் வாளிக்குப் பெயர் வைத்தேன்.

வலது, இடது என்று சொன்னால் பலர் தடுமாறினார்கள். எதிரே நிற்கிற எனக்கும் தடுமாற்றம். அவர்களுடைய வலது என்னுடைய இடது. எங்கள் ஊரில் வண்டிக்காரர்களுக்கு வழி சொல்வது நினைவுக்கு வந்தது. "சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றால் குழந்தைகூடத் தவறாது. அதனால் வலது வாளியில் வெள்ளைச் சாயத்தால் 'சோறு' என்று எழுதினேன். மற்ற வாளிக்கு ஊரில் வழங்கும் பெயர் ஆசுபத்திரிக்கு அடுக்காது. 'மற்றது' என்று எழுதினேன். "சோத்துக்கையைத் தூக்குங்க" என்பேன். தூக்கிய கைக்குக் கீழே 'சோறு' வாளியை நகர்த்தி வைப்பேன். கால் எதுவானாலும் பரவாயில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"கெட்டிக்காரன் காணும் நீர்" என்றார் அவர், வாளிகளைப் பார்த்து. நான் அன்று நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியிருக்க வேண்டாம்.

இடையூறு ஒன்றே ஒன்றுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சிலர், படம் எடுத்து முடிந்ததும் அந்த வாளியில் சோறு கொடுப்பார்கள் என்று நம்பிக் காத்திருந்தார்கள்.

4

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, ஹுன்னஸ்கிரியாவிலிருந்து சவரிமுத்து வந்தார். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை காயவைக்கும் ஆலையில், வேலை. நாற்பது வயது இருக்கும்.

"நெஞ்சுக்குள்ள தவளை தாவுதுங்க" என்றார். "நாலு தட்டு ஒழுங்காத் தட்டுது. அஞ்சாவதுக்கு எங்கயோ போயிருது. அப்புறம் ஒண்ணு சேத்து வச்சு டொம்முனு குத்துது."

வாளியைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து, தண்ணீரில் விரல் நனைத்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கோயில் வாசலில் இருக்கும் தீர்த்தம் போல என்று நினைத்தார் போலும். 'வாளித் தண்ணீரால் சிலுவை போட்டார்' என்று பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் எழுதினேன். எந்தக் கையால் என்று எழுதவில்லை.

"சோத்துக்கையைத் தூக்குங்க."

தூக்கினார்.

"சோறு திங்கிற கைதானா?"

"அதேதாங்க."

சந்தேகம் தீர்ந்து வாளியை நகர்த்தினேன். படம் எடுத்து முடிந்த பிறகு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது வழக்கம். அன்று அவரை வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் திரும்புவதற்குள் தோட்டத்து லொறி ஹாரன் அடித்தது. சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

வியாழக்கிழமை டாக்டர் அந்தத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் இறக்கவில்லை.

"கிளாக்கர், இஞ்ச வாரும். கெதியா வாரும்."

ஒவ்வொரு தகட்டிலும் மூன்று கோடுகள். இரண்டு கைகளுக்கும் நடுவே எடுப்பது முதல் கோடு. வலது கைக்கும் காலுக்கும் நடுவே இரண்டாவது, இடது கைக்கும் காலுக்கும் நடுவே மூன்றாவது. முதல் கோட்டில் மேடாக வரவேண்டியதெல்லாம் அந்தத் தகட்டில் பள்ளமாக இருந்தது. சின்ன மேடு, பெரிய மேடு, எல்லாமே தலைகீழ்.

"இவன்ர இருதயம் வலப் பக்கத்தில இருக்கு காணும்!" டாக்டரின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "கண்ணாடிக்குள்ள பாத்த மாதிரி, எல்லாம் பக்கம் மாறிப் பிறந்த மனிசன். புத்தகத்தில படம்தான் பாத்திருக்கிறன். ஒருத்தரையும் நேர கண்டதில்லை. அதோட தாளமும் தப்புது! ரெண்டும் சேந்த ஆள்!"

அவருடைய மகிழ்ச்சிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜனவரியிலேயே மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. மார்ச் மாத முடிவுக்குள் அந்த அறையால் ஆசுபத்திரிக்கு என்ன பயன் என்று காட்டாவிட்டால், படுக்கை விரிப்புகள் அடுக்குவதற்கு அறையை எடுத்துக்கொள்வார்கள். அறை போனால் இயந்திரம் மீண்டும் மரப்பெட்டிக்குப் போகும். டாக்டரின் ஆறு வருட ஆராய்ச்சியும் அதோடு போகும். மார்ச் 21, சனிக்கிழமை, கொழும்பில் வைத்தியர்கள் கூட்டத்தில் அவர் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். மேலிடத்து வெள்ளைக்காரரும் அதற்கு வருவார். தாளம் தப்பும் துடிப்பைப் பற்றி மட்டும் பேசினால் அவர் தூங்கிவிடுவார் என்பது டாக்டரின் கவலை.

"வலப் பக்கத்து இருதயத்தைக் கண்டால் நித்திரை கொள்ள மாட்டான்" என்றார். அன்று மாலையே கட்டுரையைத் திருத்தி எழுத ஆரம்பித்தார். நான் நகல் எடுத்தேன். தலைப்புக்குக் கீழே, பதிவு செய்தவர் என்று என் பெயரையும் போட்டிருந்தார்.

5

சவரிமுத்துவை அனுப்பும்படி தோட்டத்துக்குக் கடிதம் போட்டோம். எங்கள் தோட்டத்தில் நான்கு சவரிமுத்துக்கள் இருக்கிறார்கள், எவர் வேண்டும் என்று பதில் வந்தது. இருதயம் வலப் பக்கம் உள்ளவர் என்று எழுதினோம். அப்படி எவரும் பேரேட்டில் இல்லை என்று பதில் வந்தது. ஸ்டோரில் வேலை செய்பவர் என்று எழுதினோம். இப்போது கொழுந்து அதிகம், ஸ்டோர் ஆட்களை ஏப்ரல் வரை விடமுடியாது என்று பதில் வந்தது. இந்த மூன்று சுற்றிலும் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

"நீரே போம்" என்றார் டாக்டர். "ஆளைக் கொண்டு வரேலாட்டி, நெஞ்சில கையை வச்சு, துடிப்பு எந்தப் பக்கம் எண்டு பாத்துக்கொண்டு வாரும். வாசிக்க முதல் அதை ஒருக்காச் சரி பாக்க வேணும்."

மார்ச் 18, புதன்கிழமை. தெல்தெனியா வரை பஸ், பிறகு தோட்டத்து லொறி. மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. லயத்தில் மூன்றாவது வீடு என்றார்கள். வாசலில் சவரிமுத்து பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஞானம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடடே, வாளி ஐயா! வாங்க, வாங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் போட்டார். எல்லாம் இடது கையால். வலது கை முழங்காலின் மேல் ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது.

"நீங்க..." என்றேன்.

ஞானம் புரிந்துகொண்டார். "பாத்தீங்களா, படிச்சவங்களே மூஞ்சியச் சுளிக்கிறாங்க. கல்யாணத்தன்னைக்கு எங்க அய்யா எந்திரிச்சுப் போகப் பாத்தாரு. சாமியார்கூடச் சொல்லிப் பாத்துட்டாரு. சிலுவையும் அந்தக் கையாலதான் போடும், இந்த மனுசன்!"

"சின்ன வயசுல எங்க அம்மா விடியறதுக்குள்ள கொழுந்தெடுக்க மலைக்குப் போயிரும்" என்றார் சவரிமுத்து, உருண்டையை உருட்டியபடி. "எந்தக் கையால திங்கிறேன்னு பாக்க வீட்டுல ஆளு யாரு இருந்தா? பழகிருச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரிலும் இடக்கைக்காரர்கள் உண்டு. இடக்கையால் எறிவார்கள், வெட்டுவார்கள். ஆனால் இடக்கையால் உண்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. முதல் கவளத்திலேயே யாராவது ஒருவர் கையில் அடித்துத் திருத்திவிடுவார்கள். அடிக்க ஆள் இல்லாத வீடும் உலகத்தில் இருக்கும் என்பதை, வாளிக்குப் பெயர் வைத்தபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு வாளியில எந்தக் கைய வச்சீங்க?"

"நீங்க சோத்துக்கைன்னு சொன்னீங்க. சோத்துக்கைய வச்சேன்."

"சோத்துக்கைன்னா வலது கை ஐயா!"

சவரிமுத்து சாப்பிடுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அதெப்படிங்க? இது எனக்குச் சோத்துக்கை இல்லையா? ரெண்டாந்தடவையும் கேட்டீங்களே, சோறு திங்கிற கைதானான்னு. நான் பொய் சொன்னனா?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் கை கழுவும்வரை காத்திருந்து, நெஞ்சில் என் உள்ளங்கையை வைத்தேன். இடப் பக்கம், எல்லோருக்கும் உள்ள இடத்திலேயே, நாலு தட்டுத் தட்டி, ஒன்றை விட்டு, டொம்மென்று குத்தியது. என் இருதயமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் ஞானம்.

"இல்லம்மா. இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"அதுக்கா இம்புட்டு மலையேறி வந்தீங்க?"

6

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஆளைக் காணவில்லை என்று சொல்லிவிடலாம். டாக்டர் கொழும்பில் கட்டுரையை வாசிப்பார். வெள்ளைக்காரர் விழித்திருப்பார். அறை பிழைக்கும், இயந்திரம் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். தலைப்புக்குக் கீழே என் பெயரும் இருக்கும். சவரிமுத்து தன் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

தெல்தெனியாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வழக்கம்போல அன்றைய குறிப்பை எழுத நாட்குறிப்பை எடுத்தேன். 'சவரிமுத்துவைக் காணவில்லை' என்று எழுத வேண்டும். தேதி எழுதினேன். அதற்கு மேல் பென்சில் போகவில்லை. இருபது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. அதில் பொய் எழுத வராது. உண்மையை எழுதி முடித்தேன். எழுதிய பிறகு டாக்டரிடம் மறைப்பதில் பொருளில்லை.

மாலை ஆறு மணிக்கு அறையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டில் தயாராக வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினேன்.

அவர் கடிதத்தை வாங்கி, படிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"நீர் எந்தக் கையால சாப்பிடுறனீர்?"

"வலது கையால் ஐயா."

"நானும் அப்பிடித்தான். அதுதான் ரெண்டு பேருக்கும் தெரியாமப் போச்சு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வருசம் காணும். ஆறு வருசமா ஆக்களின்ர இருதயத்தில எங்க தாளம் தப்புது எண்டு தேடுறன். கடைசியில தப்பினது வாளியில."

நான் 'சோறு' வாளியைப் பார்த்தேன்.

"முதல்ல அந்த வாளியில இருக்கிற சோத்தை அழியும்" என்றார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ கிளாக்கர், நெஞ்சுக்குள்ள இருந்த இருதயத்தை ஒரு சொல்லால அந்தப் பக்கம் தள்ளிப்போட்டீர்! லண்டனில ஒரு சத்திர வைத்தியனாலும் ஏலாது!"

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் தெளிந்தது. "இதைத்தான் வாசிக்கப் போறன். ஆளை நாளைக்குக் கொண்டு வாரும். சரியாக் கை வச்சு ஒண்டு, மாத்தி வச்சு ஒண்டு, ரெண்டு படமும் எடுப்பம்."

சவரிமுத்துவைக் கொண்டுவரச் சிரமப்படவில்லை. தன் இருதயம் இடம் மாறிவிட்டதோ என்ற பயத்தில், அவரே வியாழக்கிழமை காலை முதல் லொறியில் வந்து இறங்கினார். இரண்டு படங்களும் எடுத்தோம். ஒன்றில் எல்லாம் நேர். மற்றதில் முதல் கோடு தலைகீழ். இரண்டிலும் இருதயம் ஒன்றுதான். டாக்டர் இம்முறை குழாய் வைத்தும் பார்த்தார். தாளம் தப்புவதால் ஆபத்தில்லை, தேத்தண்ணீரைக் குறைத்தால் போதும் என்றார்.

"ஸ்டோருல நின்னுக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்காம எப்படிங்க?" என்றார் சவரிமுத்து.

7

கொழும்பில் நடந்ததை டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு தகடுகளையும் அடுத்தடுத்துக் காட்டி, இதில் எது அரிய பிறவி என்று கேட்டாராம். எல்லோரும் இரண்டாவதைக் காட்டினார்களாம். பிறகு சோத்துக்கைக் கதையைச் சொன்னாராம். வெள்ளைக்காரர் தூங்கவில்லை. வாசித்து முடிந்ததும் மூன்று டாக்டர்கள் தனித்தனியாக வந்து, மற்றவர் காதில் விழாத குரலில், கை மாறியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விசாரித்தார்களாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை, மேலிடத்துத் தீர்ப்பு வந்தது. இருதய அறையின் பயன் ஒரு பாதி நிரூபிக்கப்பட்டிருப்பதால், அறையின் ஒரு பாதியை மட்டும் படுக்கை விரிப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். அன்று முதல் இயந்திரம் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வேலை செய்கிறது. கையைத் துடைக்கத் துணிக்கு மட்டும் குறைவில்லை. காணாமற்போகும் விரிப்புகளைப் பற்றிக் களஞ்சியக்காரர் இன்றும் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

வாளிகளில் இப்போது எழுத்து இல்லை. டாக்டர் ஒவ்வொருவரின் வலது மணிக்கட்டிலும் தானே ஒரு சிவப்பு நூலைக் கட்டுகிறார். அதை மந்திரித்த கயிறு என்று நம்பி, சிலர் அவிழ்க்க விடாமல் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறார்கள். குணமாகிவிட்டது என்றும் சொல்லியனுப்புகிறார்கள்.

8

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் கடைசியில்தான் வருகிறது.

வாளியில் 'சோறு' என்று எழுதியிருந்த காலத்துத் தகடுகள் எல்லாவற்றையும் அந்த ஏப்ரலிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தாளத்தை மட்டும் பார்க்கும் டாக்டர் பெரும்பாலும் இரண்டாவது கோட்டையே பார்ப்பார். முதல் கோட்டைச் சில வேளைகளில்தான் கவனிப்பார். என் பயம் வீண்போகவில்லை. தலைகீழான முதல் கோட்டோடு இன்னொரு தகடு இருந்தது. 1931 பெப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை. பெயர், பேச்சியம்மாள். வயது சுமார் முப்பது. அம்பிட்டியப் பக்கம் ஒரு வீட்டில் வேலை. மயக்கம் வருகிறது என்று வந்தவர். சேலைக்கு மேலேயே குழாய் வைத்துப் பார்க்க வேண்டியிருந்ததால் துடிப்பு சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

அம்பிட்டியவுக்கு நடந்தே போனேன். பேச்சியம்மாள் மார்ச் மாதமே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தக் கையால் சாப்பிட்டார் என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "வேலைக்காரி அடுப்படியில சாப்பிடுவா. அத எட்டிப் பாக்குறதா எங்க வேலை?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

பேச்சியம்மாள் இடக்கையால் உண்பவராக இருந்தால், அது என் வாளியின் பிழை. வலக்கையால் உண்பவராக இருந்தால், டாக்டர் வாழ்நாளெல்லாம் காண ஆசைப்பட்ட இருதயம் எங்கள் அறைக்கு ஒருமுறை வந்து, நாங்கள் கவனிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது.

"என்ன ஐயா எழுதட்டும்?" என்று பதிவேட்டை நீட்டிக் கேட்டேன்.

"தெரியாது எண்டு எழுதும்" என்றார் டாக்டர். "அது பிழை இல்லைக் காணும்."

பதிவேட்டில் பேச்சியம்மாளின் ஊர் நாங்குநேரித் தாலுகா என்று இருக்கிறது. நம் தாலுகாதான். கிராமத்தின் பெயரைக் கேட்டு எழுதாதது என் குறை. இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது, 1931 மார்ச்சில் கண்டியிலிருந்து திரும்பிய பேச்சியம்மாளைத் தெரியுமானால், அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவரிடம் கேட்க வேண்டாம். கேட்டால் சோத்துக்கை என்றுதான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இன்று 1935 மார்ச் 18 வரை பேச்சியம்மாளின் இருதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உறுதி செய்யப்படவில்லை.